தீண்டாதே என்றனர், தேடி வந்தனர்!



கோட்டை பிடித்த வீரர் கதை கேட்டிருக்கிறீர்கள். கொடி நாட்டிய வேந்தர் கதையும் கேட்டிருக்கிறீர்கள். நான் இன்று சொல்லவந்தது, நோயாளியின் நெற்றியிலே கை வைத்த ஒரு மாதரசியின் கதை. அந்தக் கையை எடு என்றார்களே, அந்தக் கதை!

1948 ஜூலை 5. மான்செஸ்டருக்கு அருகே டேவிஹூம் என்ற ஊரின் மருத்துவமனையிலே, அமைச்சர் அன்யூரின் பெவன் தேசிய சுகாதாரப் பணியைத் தொடங்கிவைத்தார். காசில்லாதவனுக்கும் கட்டில் உண்டு, மருந்து உண்டு என்ற நிலை பிறந்தது. மகத்தான சாதனை, மறுப்பார் யார்? ஆனால் கட்டில் இருந்தது. கட்டிலருகே நிற்க ஆள் இல்லை! தங்கள் கொடி பறந்த தீவுகளை நோக்கினர், வாருங்கள் என்றனர். பாட்டனைக் கரும்புத் தோட்டத்திலே கசக்கிப் பிழிந்த பேரரசு, பேத்தியைத் தாதியாக வரச்சொல்லித் தாம்பூலம் வைத்தது!

வந்தவர்களில் ஒருவர் லூயிஸ் டா கொக்கோடியா. 1934-ல் ஜமைக்காவிலே பிறந்தவர்; 1955-ல் இங்கிலாந்துக் கரை சேர்ந்தவர். லண்டனிலே பயிற்சி. கறுத்த கை தன்மீது படலாகாது என்று முகம் திருப்பிய நோயாளிகளை அவர் கண்டார். காய்ச்சல் பார்க்கும் கருவிக்குத் தோலின் நிறம் தெரியாது, தோழர்களே! காய்ச்சல்காரருக்குத் தெரிந்தது!

இதனினும் நுட்பமான சூது ஒன்று உண்டு. செவிலியரிலே அங்கு இரு வகுப்பு. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவர் ஒரு வகுப்பு. பதவி உயர்வு அவருக்கு. ஈராண்டுப் பயிற்சி பெற்றவர் மற்றொன்று. ஏணியின் முதற்படியிலேயே அவர் நிற்க வேண்டியதுதான். தீவுகளிலிருந்து வந்த பெண்கள் பலரை, வேற்றுமையை விளக்காமலே இரண்டாவது வகுப்பிலே தள்ளினர். அந்தச் சான்றிதழுக்குத் தாய்நாட்டிலே மதிப்பும் கிடையாது. திரும்பவும் வழியில்லை, உயரவும் வழியில்லை!

லூயிஸ் முதல் வகுப்பிலே தேறினார். 1966-ல் மான்செஸ்டரிலே, இல்லந்தோறும் சென்று நோயாளிகளைப் பேணும் செவிலியருக்குத் துணைக் கண்காணிப்பாளரானார். அந்நகரிலே அத்தகைய உயர்பதவி ஏற்ற முதல் கறுப்பினச் செவிலி அவரே. ஈராண்டு கழித்து, 1968-ல், குடியேறியோரை எதிர்த்து ஈனோக் பவல் நஞ்சு கக்கினாரே, அவர் யார்? 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர்! குடியேறிய செவிலியரின் உழைப்பிலே மருத்துவமனைகளை நடத்தியவர்!

1981 ஜூலை. மாஸ் சைடு பற்றி எரிந்தது. வேலையற்ற இளைஞர், போலீசாரின் கெடுபிடி, நெடுநாள் குமுறல். கல் பறந்த தெருக்களிலே காயமுற்றோரை மருத்துவமனை சேர்க்க உழைத்தார் லூயிஸ். கல்லெறிந்த கையா, கல்லடிபட்ட தலையா என்று செவிலி கேட்பதில்லை. பின்னர் ஹிட்னர் விசாரணைக் குழு அமைந்தபோது, அதன் உறுப்பினராகவும் அமர்ந்தார். ஊர் ஏன் எரிந்தது என்று ஆராய, ஊரின் காயத்துக்குக் கட்டுப்போட்டவரைவிடத் தகுதியுடையார் யார்?

வீடின்றித் தவித்தோருக்கு அராவாக் வால்டன் வீட்டுவசதிச் சங்கம், மகளிருக்கு மாஸ் சைடு-ஹல்ம் மாதர் செயல் மன்றம் ஆகிய அமைப்புகளிலே அவர் உழைப்பு கலந்தது. 1990-ல் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார். அரசியின் விருதையும் ஏற்றார். பேரரசின் பெயர் பொறித்த பதக்கம் இவருக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், அந்நீதிமன்றத்தின் கூண்டிலே கறுப்பின இளைஞன் நிற்கையில், அவன் தெருவை அறிந்த ஒருவர் மேடையிலே வீற்றிருப்பதை நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன்.

2008 மார்ச்சிலே மறைந்தார். பிள்ளைகளின் படிப்புக்கென அவர் பாடுபட்ட அறக்கட்டளை, அதன்பின் அவர் பெயரையே தாங்கிப் பணி தொடர்ந்தது.