விழிக்க மறுக்கும் கணினி

மலைநாட்டிலே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்று வழங்குவர். அங்கே கொழுந்து முதலில் வாட்டப்படும், பின்னர் உருட்டப்படும், அதன்பின் புளிக்க வைக்கப்பட்டு, சூட்டில் உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம் பிரிக்கப்படும். வாட்டம் சரியாக அமையாத கொழுந்தை வைத்துக்கொண்டு, உருட்டும் இயந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. முந்தின படியிற் பிழை இருக்க, பிந்தின படியைத் திருத்த முயல்வது வீண் வேலையாகும். இவ்வுண்மையை உணர்ந்தவருக்குக் கணினியின் நோயறியும் கலையிற் பாதி கைவந்துவிட்டது எனலாம்.

நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை ஆகிய இடங்களில், உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி மேசைக் கணினியைத் தம் கையாலேயே பூட்டும் இளைஞர் உளர். பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தும்போது திரை இருண்டே கிடந்தால், இளைஞன் மனமும் இருண்டுவிடுகிறது. அதிலே வியப்பில்லை. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024-ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கணினியின் ஒவ்வோர் உறுப்பும் பல நாள் கொழுந்து பறித்த கூலிக்கு ஈடானது. நல்ல உறுப்பைக் கெட்டதென்று கருதிக் கொழும்புக்கு எடுத்துச் சென்றால், பயணச் செலவும் ஒரு நாட் சம்பளமும் போகும். வீட்டிலோ நோய் அப்படியே இருக்கும். ஆதலால், அவசரம் இங்கே பெரும் பகை.

மின்சாரம் கிடைத்தவுடன் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. செயலி, நினைவகம், படம் காட்டும் பகுதி, தட்டு என்று ஒவ்வொன்றாக அது விசாரிக்கும். இவ்வேலையைச் செய்விப்பது தாய்ப்பலகையிற் பதிந்துள்ள பயோஸ் என்னும் சிறு நிரலாகும். 1981-ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில், சோதனை இனிது முடிந்தால் ஒரு குறுகிய ஒலி எழும். வேறுவகை ஒலிகள் குறையைச் சொல்லும். இக்காலத்துப் பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் உண்டு. சோதனை எந்த விளக்கோடு நின்றுவிடுகிறதோ, அங்கேதான் முதலில் ஆராய்தல் வேண்டும்.

கணினியில் அசைவே இல்லையாயின், குற்றம் மின்சாரம் வரும் வழியில் இருக்கலாம். சுவரிலுள்ள துளையில் மின்சாரம் உண்டா? மின்வழங்கிப் பெட்டியின் பின்புறச் சுவிட்சு போடப்பட்டுள்ளதா? இருபத்துநான்கு ஊசிகள் கொண்ட பெரிய இணைப்பு முழுதும் இறங்கியுள்ளதா? முன்புறப் பொத்தானின் மெல்லிய கம்பி உரிய இரண்டு ஊசிகளிற் பொருந்தியுள்ளதா? இவற்றை இவ்வரிசையிலேயே பார்த்தல் நலம்.

விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாதது மற்றொரு வகை. பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதுவே. செயலிக்கு மின்சாரம் தரும் தனி இணைப்பு தாய்ப்பலகையின் மேல் மூலையில் இருக்கும். அதனை மறந்தவர் பலர். தனிப் பட அட்டை பூட்டியிருக்கத் திரையின் கேபிளைத் தாய்ப்பலகையிற் செருகுவோரும் உளர். சில செயலிகளிற் படம் காட்டும் பகுதியே இல்லாமையால், அங்கே எத்தனை நாழிகை காத்திருந்தாலும் படம் வராது. நினைவகத் துண்டு பாதி இறங்கி நிற்பதும் மிகப் பொதுவான காரணமாகும். அதனைக் கழற்றி, கையேடு குறிப்பிடும் துளையில், பூட்டும் ஒலி கேட்கும்வரை நேராக அழுத்துக.

டீ.டீ.ஆர். 5 வகை நினைவகம் முதன்முறை விழிக்கும்போது தன் வேகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவோர், உறங்காத நோயைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றனர். இன்னும், பழைய பலகை புதிய செயலியை அறியாமலும் இருக்கும். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த பலகை, 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 5000 வரிசைச் செயலியைப் பயோஸ் புதுப்பிக்கப்படாமல் ஏற்றுக்கொள்ளாது. இது உறுப்பின் குற்றமன்று, அறிமுகமின்மையின் குற்றம்.

சிறிது நேரம் இயங்கி உடனே அணைந்துவிடும் கணினியில் வெப்பத்தைப் பார்த்தல் வேண்டும். குளிர்விப்பானின் அடியில் ஒட்டியுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே பூட்டிவிடுவதுண்டு. தேவையற்ற இடத்தில் நிற்கும் திருகுத்தாங்கி பலகையின் அடியைத் தொட்டு மின்கசிவு உண்டாக்குவதும் உண்டு.

திரையிலே, தொடங்குதற்குரிய தட்டு இல்லை என்ற செய்தி வந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. சோதனையின் பெரும்பகுதி வெற்றியாக முடிந்தது என்பதே அதன் பொருள். புதிய தட்டு வெறுமையானது. அதில் இயக்க முறைமையை இன்னும் நிறுவவில்லை. தட்டின் பெயரே பயோஸ் பட்டியலில் இல்லாவிடின், அதன் இணைப்பைச் சரிபார்க்க.

இவ்வளவும் பார்த்தும் பயனில்லையாயின், உறுப்புக்களைக் குறைத்தலே வழி. பலகையை வெளியே எடுத்து ஓர் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, செயலி, குளிர்விப்பான், ஒற்றை நினைவகத் துண்டு, மின்வழங்கி ஆகியவற்றோடு மட்டும் சோதிக்க. செயலியிற் படப் பகுதி இல்லையேல் பட அட்டையையும் சேர்க்க. விழித்தால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துவர, குற்றவாளி தானே வெளிப்படும். பயோஸ் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, மின்சாரத்தை முற்றாக நீக்கி, பலகையிலுள்ள நாணய வடிவான மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைப்பதும் உதவும்.

மலைநாட்டுக்கே உரிய எச்சரிக்கைகளும் உள. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமானது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எனினும், குளிர் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஈரமே பெரிய கவலை. குளிர்ந்த பொருளை அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்தால், அதன்மேல் நீர்த்துளி படியும். அது முற்றும் காய்ந்தபின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும் வேளையில் அழுத்தம் ஏறி இறங்கலாம். 2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை எவரும் மறவார். இடி முழங்கும் மாலைகளிற் செருகியைக் கழற்றி வைத்தலே சிறந்த காவல்.

உட்புறத்தைத் தொடுமுன் செருகியைக் கழற்றி, உலோகமொன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குக. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது. மின்சாரம் நின்றபின்னும் உயிர்க்கு ஊறு விளைக்கும் மின்னேற்றம் அதனுள் தங்கியிருக்கும்.

கடைக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், எந்தெந்தச் சோதனை செய்யப்பட்டது, எந்த விளக்கு எரிந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுதல் நன்று. அத்தாள் கையிலிருப்பவனுடைய சொல்லைக் கடைக்காரர் எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டார் பட்ட பாட்டின் பயனை வீணாக்காது காப்பதற்கு, அவ்வளவு சிறிய உழைப்பு பெரிதன்று.