முரசறைவோன் பணி



அரசாங்கத் திணைக்களமொன்றில் மக்கள் தொடர்பையும் வைபவ ஒழுங்குகளையும் கவனிக்கும் உத்தியோகத்தர் என்றதும், பந்தலும் மாலையும் மங்கல விளக்கும் பிரமுகர் வரிசையுமே நம் மனக்கண்முன் தோன்றும். விளக்கேற்ற முதலில் யாரை அழைப்பது என்பதில் எழும் மனத்தாங்கலைத் தீர்ப்பதிலேயே அவருடைய நாளிற் பாதி கழிந்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலுமில்லை. ஆயினும், பிரமுகர் ஒருவரும் வராத ஒரு வைபவமும் அவர் பொறுப்பில் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இப்பணி நமக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்திலே இந்திர விழா எடுக்க முடிவாகிறது. யானையின் பிடரிமீது முரசை ஏற்றி ஒருவன் நகரெங்கும் அறிவிக்கிறான். விழா வருகிறது என்று சொல்லிவிட்டு அவன் அகன்றுவிடவில்லை. பூரண கும்பம் வையுங்கள், வாழையும் கமுகும் கரும்பும் நடுங்கள், தெருவிற் பழமணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், கொடிகளைக் கட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கூறுகிறான். பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுங்கள் என்றும் சொல்லுகிறான். 28 நாள் விழாவுக்கு இதனினுஞ் சிறந்த சுற்றறிக்கையை இன்றைய கச்சேரி எதுவும் எழுதிவிட முடியாது. அதே காப்பியத்திற் பின்னர் அவ்விழா ஒருமுறை மறக்கப்படுகிறது. கடல் நகரைக் கொண்டுவிடுகிறது. அதனைத் தெய்வத்தின் சினமென்று புலவர் பாடினார். கடலோரத்தில் வாழும் நமக்கோ, முரசு ஒலிக்காத ஊரைக் கடல் கொண்டது என்றும் அதனைப் படிக்கத் தோன்றுகிறது.

அப்படிப் படிக்க நமக்குக் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அவ்வலை நமது கிழக்குக் கரையை எட்ட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றது. மேட்டு நிலத்துக்கு நடந்தே போய்விடலாம்; அவ்வளவு அவகாசம் இருந்தது. சொல்வதற்குத்தான் எவரும் இருக்கவில்லை. 30,000க்கு மேற்பட்டோர் இத்தீவில் மாண்டனர்.

அடுத்த ஆண்டில், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது; அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. ஆழிப்பேரலை எச்சரிக்கையை வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்க, அதனை மாவட்டத்துக்கும் பிரதேசத்துக்கும் கிராமத்துக்கும் இந்நிலையம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இந்து சமுத்திர நாடுகள் 2009 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே ஆழிப்பேரலை ஒத்திகை நடத்தி வருகின்றன. நான் குறிப்பிட்ட வைபவம் இந்த ஒத்திகைதான்.

இதன் ஒழுங்குகளை எண்ணிப் பாருங்கள். கிராம அலுவலரிடம் முதியோர், கர்ப்பிணிகள், நடக்கவியலாதோர் பெயர்ப் பட்டியல் இருத்தல் வேண்டும். பாடசாலை அதிபர், பொலிஸார், கடற்படையினர், வைத்தியசாலையார் ஆகியோர் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு இணங்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றின் ஒலிபெருக்கிகளும் வேண்டும். கரைவலைச் சம்மாட்டியிடம் முன்னரே பேசாவிட்டால், வாடியில் இருப்போர் வலையை விட்டு எழுந்து வரமாட்டார்கள்; அன்றைய பிழைப்பை இழப்பவர்கள் அவர்களே அல்லவா? இது ஒத்திகை என்று முன்கூட்டி அறிவிக்கத் தவறினால் ஊர் கலங்கி ஓடும். ஒத்திகைதானே என்று அலட்சியம் பிறந்துவிட்டால் மெய்யான நாளில் ஒருவரும் அசையார். இவ்விரண்டுக்கும் நடுவே சொல்லை அளந்து சொல்வதுதான் இவ்வுத்தியோகத்தின் அருமை. இதற்கு மாலையும் இல்லை, பத்திரிகையிற் படமும் இல்லை.

சொல் என்றேன். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று 1987இல் 13ஆவது திருத்தம் கூறிற்று. ஒன்றரை மணி நேரத்துக்குள் கடல் வரும்போது, கொழும்பிலிருந்து வந்த செய்தியை மொழிபெயர்க்க ஆள் தேடுவது பொருந்துமா? தமிழ் வாசகம் முன்னரே எழுதப்பட்டு, நேரமும் இடமும் மாத்திரம் நிரப்பப்படுவதாய் மேசையில் இருத்தல் வேண்டும். அவ்வாசகமும் கடற்கரைத் தமிழாய் இருத்தல் நலம். ‘அபாயக் குறைப்பு நடவடிக்கையின் பொருட்டு இடம்பெயருமாறு வேண்டப்படுகின்றீர்’ என்றால், கேட்பவர் பொருளை யோசித்துக்கொண்டே நின்றுவிடுவார். ‘கடல் பொங்கி வரப்போகிறது, உடனே மேட்டுக்குப் போங்கள், வள்ளத்தைப் பார்க்கத் திரும்பாதீர்கள்’ என்றால் கால்கள் தாமே நகரும். இலக்கணம் கற்றோர் முகஞ்சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பாக, பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்வு நிகழ்ந்தது. அதன் அளவு 8.6. எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி நகர்ந்தனர். நிலத்தட்டுகள் மேலெழாமற் பக்கவாட்டில் உராய்ந்தமையால் அஞ்சிய பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை மீட்டுக்கொள்ளப்பட்டது.

இந்த மீட்பு அறிவித்தலை நம்மிற் பலர் சிறு காரியமாக நினைக்கிறோம். 2004இல் பல இடங்களில் இரண்டாம் அலை முதலலையினும் பெரிதாய் வந்தது; முதலலை வடிந்ததும் பொருள் தேடக் கரைக்குத் திரும்பியோரை அது கொண்டுபோயிற்று. ஆகவே மேட்டில் நிற்பவர் எப்போது இறங்கலாம் என்பதையும், எச்சரித்த அதே குரலே அதே தமிழிற் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வாசகம் இருக்கும் கோப்பிலேயே, அதற்கு அடுத்த தாளாக, மீட்பு வாசகமும் இரு மொழியிலும் எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.