ஆண்மைக் குறைவும் உடல்நலமும்

(பாலிக் புலாவில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



வெட்டுக்காட்டில் கேலியாக மட்டுமே பேசப்படும் ஒன்றைப் பற்றி இன்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். உறவின்போது ஆணுறுப்பு போதிய விறைப்பை அடையாமையையே மக்கள் ஆண்மைக் குறைவு என்பர். இளமைத் தவற்றின் தண்டனை என்றும் செய்வினை என்றும் கருதி இதனை மறைப்போர் உளர். இரண்டும் உண்மையல்ல.

நரம்பு ஏவ, குழாய்கள் விரிந்து இரத்தம் நிறைவதே விறைப்பு. அக்குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெலிந்தவை. ஆதலால் அடைப்பு நேருங்கால் முதலில் திணறுவன அவையே. நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்னரே இக்குறை தலைகாட்டுவதுண்டு.

நம்மவரிடையே பெருங்காரணம் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நோயுற்றோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதனை அறியாதிருந்தனர். "நாள் முழுதும் மரம் வெட்டி நடக்கிறோமே, எங்களுக்கா?" என்பீர்கள். நடை நல்லதே. ஆயின் விடியலில் கெட்டிப்பால் தேநீர், ஓய்வில் மற்றொன்று, மாலையில் இன்னொன்று என்றால் அந்நடை எம்மட்டு?

புகை குழாய்களைச் சுருக்குகிறது. சம்சு வீரந்தரும் என்பது விற்பவர் கணக்கு. நரம்பைத் தளர்த்துவதே அதன் வேலை. சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் இக்குறை நேரலாம். அதற்காக அவற்றைத் தாமே நிறுத்துதல் பெருந்தீங்கு. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். கடனும் கவலையும்கூடக் காரணமாகலாம்.

இனி, இரவுச் சந்தையில் விற்கும் 'ஆண்களுக்கான காப்பி'. இத்தகைய சில காப்பித்தூள்களில் சில்டெனாபில், தடாலாபில் மருந்துகள் மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நாவடியில் மாத்திரை வைப்பவர் இதனை அருந்தினால், இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிரே போகலாம். அதே மருந்தை மருத்துவர் சோதித்து, அளவறிந்து கொடுத்தால் பலருக்கும் பயன் தருகிறது.

பாலிக் புலாவிலேயே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. கூச்சமாயின், இனிப்பு நீர் சோதிக்க வந்ததாக முகப்பில் சொல்லுங்கள். மற்றதை மருத்துவரின் அறைக்குள் சொல்லலாம். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். கணவருக்குத் தம்மீது வெறுப்போ, வேறிடத்தில் தொடர்போ என்று ஐயுற்று அவர் தனியே அழுதிருக்கக்கூடும்.