ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கட்டி’ என்றிருந்தால்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்களில் பலர், ஸ்கேன் கவரை நீட்டும் முன்பே அழுதுவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் ‘கட்டி’ என்று ஒரு சொல் இருக்கும். அதற்குள் வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கும். கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல.

இரத்தக் குழாய்கள் பின்னிச் சேர்ந்து உண்டாகும் சாதுவான கட்டி ஒன்று உண்டு. ஹீமாஞ்சியோமா என்பார்கள். கல்லீரலில் இது அடிக்கடி காணப்படுவதுதான். பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது. இதே கட்டி உதரவிதானத்தில், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்த மெல்லிய தசையில், வருவது மிக மிக அரிது. சிக்கலும் அங்கேதான். வலப்பக்கத்தில் மேலே நுரையீரல், கீழே கல்லீரல். கட்டி எதில் முளைத்தது என்று எக்ஸ்ரேயை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

அல்ட்ராசவுண்டில் “மூச்சை இழுங்க, விடுங்க” என்பது சும்மா இல்லை. கல்லீரல் ஏறி இறங்கும்போது கட்டியும் அதோடு ஒட்டிப் போகிறதா, தனியாக நழுவுகிறதா என்று பார்க்கிறார்கள்.

அடுத்தது சி.டி. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட அந்தப் படம், இன்று நமக்குச் சிதம்பரத்திலேயே கிடைக்கிறது. கையில் மருந்து ஏற்றி, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுப்பார்கள். காசுக்காகத்தான் என்று நம்மில் சிலர் முணுமுணுக்கிறோம். அப்படியல்ல. ஹீமாஞ்சியோமாவில் இரத்தம் நிதானமாக ஓடும். மருந்து முதலில் ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்து, பிறகு மெல்ல நடுவுக்குப் பரவும். இடைவெளி விட்டு எடுத்தால்தான் அந்தப் போக்கு பிடிபடும். எம்.ஆர்.ஐ.யில் சில படங்களில் பல்ப் எரிவதுபோல் வெள்ளையாகத் தெரியும்.

“ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே” என்று மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள். இரத்தம் நிறைந்த கட்டி; குத்தினால் கசியக்கூடும். அதே நேரம், அசட்டையாக விட்டுவிடவும் கூடாது. படங்களில் சந்தேகம் தீராமல், அறுவை செய்து எடுத்த பிறகே இன்னதென்று உறுதியான உதரவிதானக் கட்டிகளும் உண்டு.

சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் இவற்றை ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெண்கள் கூச்சப்பட வேண்டாம். பழைய ஃபிலிம்களைப் பரணில் சுருட்டிப் போடாதீர்கள். இரண்டு வருடமாக ஒரே அளவில் இருக்கிறது என்பது மருத்துவருக்குப் பெரிய தகவல்.

ரிப்போர்ட் புரியாவிட்டால், நகையைத் தொடும் முன் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சிதம்பரமோ ஜிப்மரோ, துணைக்கு ஆள் அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.