மகுடம் சூட்டிய பிறகு என்ன?

(வத்தேகமவில் நடந்த வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூட்டம் தொடங்குமுன் தோட்டத்து இளைஞர் ஒருவர் நம்மை அணுகி, “ஐயா, ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் படித்து முடித்தேன். ஆனால் கதை முடிந்ததாக மனம் ஒப்பவில்லை. கல்கி ஏன் இப்படித் திடீரென்று நிறுத்திவிட்டார்?” என்று வினவினார். அந்த வினாவையே இன்றைய உரையின் பொருளாகக் கொள்கிறோம்.

இது புதிய மனக்குறை அன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த அந்நாவல் நிறைவுற்றபோதே வாசகர் பலர் இக்குறையை ஆசிரியரிடம் முறையிட்டனர். நந்தினி என்ன ஆனாள்? வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? கல்கி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முடிவுரை ஒன்று எழுதி விடையளித்தார். வாசகனுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

அவர் கதையை நிறுத்திய இடம் எது? தனக்கென நடந்த முடிசூட்டு விழாவில் அருள்மொழிவர்மன் மகுடத்தைத் தன் சிற்றப்பன் உத்தம சோழனுக்குச் சூட்டிவிடுகிறான். அப்பாகத்தின் பெயரே ‘தியாக சிகரம்’. சிகரம் ஏறிய பின்னர் மேலே ஏற இடமேது? எனவே கலைஞர் என்ற முறையில் அவர் நிறுத்தியது நியாயமே.

ஆனால் நீதிமன்றத்தில் பழகிய நமக்கு மற்றொரு நியாயமும் தெரியும். தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே வழக்கு முடிந்துவிடுவதில்லை. பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கும். ஆதித்த கரிகாலன் கொலைவழக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் பிற்பகுதி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. கொலையாளிகளின் உடைமைகளோடு அவர்தம் உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டதை அக்கல்வெட்டு கூறுகிறது. அது இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பர் அறிஞர். உறவினர் செய்த குற்றம் யாது என்று நாம் கேட்க வேண்டாமா?

இந்நாட்டில் வாழும் நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடும் செய்தி ஒன்றுண்டு. நாவலின் இரண்டாம் பாகத்தில் பௌத்த பிக்குகள் அநுராதபுரத்தில் இலங்கை அரியணையை அருள்மொழிக்கு அளிக்க முன்வருகின்றனர். அவனோ மறுத்துவிடுகிறான். படிக்கும் தமிழ் நெஞ்சம் பூரிக்கிறது. ஆயினும் வரலாறு அங்கே நிற்கவில்லை. அதே அருள்மொழி 985இல் இராசராசனாக அரியணை ஏறினான். 993ஆம் ஆண்டளவில் அவன் படை இலங்கையில் இறங்கியது. அநுராதபுரம் வீழ்ந்தது. பொலன்னறுவை சோழர் தலைநகராயிற்று. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவில், ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே மாண்டான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதை மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் குமுறலோடு கூறுகிறது.

தோழர்களே! மறுத்த கதையை நாம் அறிவோம். படையெடுத்த கதையை நம் அண்டை வீட்டுச் சிங்களத் தோழர் இளமையிலிருந்தே அறிவார். ஆளுக்கொரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஊரில் வாழ்கிறோம். ஐயமும் பகையும் அந்த இடைவெளியில்தானே வளர்கின்றன?

கல்கியைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. தியாகத்தின் மேன்மையைக் காட்ட அவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கேயே நின்றுவிடுவது வாசகனின் பிழை.

நாமும் ஒரு முடியாத கதையின் மாந்தர் அல்லவா? 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இந்நாட்டுக்கு என்றும் பங்கிட்டது. கையெழுத்தோடு ஏடு மூடப்பட்டது. கப்பலேறியவர் என்ன ஆனார், லயத்தில் எஞ்சியவர் என்ன ஆனார் என்று கேட்டவர் எத்தனை பேர்? “பிறகு என்ன?” என்று ஆட்சியாளரை நாம் இன்றும் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் நீதி நாடி வருவோர் தூய கையோடு வரவேண்டும் என்பது சட்டத்தின் பழைய நெறி. நமக்கு இழைக்கப்பட்டதைக் கேட்கும் அதே நாவால், நம் மன்னர் இழைத்ததையும் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

வினவிய இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே: தம்பி, உமது மனக்குறை நல்ல குறை. அதை ஆற்றிக்கொள்ளாதீர். கடைசிப் பக்கத்தைப் புரட்டிய கையோடு வரலாற்றையும் திறந்து பாரும். பிறகு அண்டை வீட்டுத் தோழரோடு அமர்ந்து இரு பாதிகளையும் சேர்த்துப் பேசும்.