கதை கேட்கும் குழந்தை
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகட்குக் கதை கூறுதலைப்பற்றிச் சில மொழிகள் பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். பாட்டிமார் அறியாத எதனை ஒரு தமிழ்ப் பண்டிதன் இங்கே கூறிவிடப்போகின்றான் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பெரிதும் உண்மையே. பாட்டிமார் அறிந்ததையே யாமும் கூறவந்தோம். ஆயின், அவர்கள் அறிந்தது இக்காலத்து வீடுகளில் வழங்குதல் அருகிவிட்டமையின், திண்ணையிலிருந்து பேசவேண்டியதை மேடையேறிப் பேசவேண்டிய நிலை நேர்ந்தது.

கதை என்றால் பொழுதுபோக்கு என்று இகழ்வோர் தொல்காப்பியத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பாராக. செய்யுளியலில் உரையின் வகைகளை எண்ணுமிடத்து, உலகில் நிகழாதவற்றைப் புனைந்து கூறும் மொழியையும், நகை விளைக்கும் மொழியையும் ஆசிரியர் தள்ளாது சேர்த்துக்கொண்டார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக்கொண்டு ஓரிடஞ் சென்று இன்னது செய்தன என்பதுபோன்ற கதையை எடுத்துக்காட்டுகின்றார். இலக்கணக் கடலையே கடந்த ஒருவர்க்கு யானையையும் குருவியையும் எழுத நாணமில்லை; நமக்குத்தான் நாணம்! இன்னும் ஒன்று: உரையின் ஒரு பகுதியைச் செவிலிக்கு உரியதென்றே தொல்காப்பியனார் வரையறுத்தார். பிள்ளையை வளர்ப்பவட்கு அவர் தனியே ஒதுக்கித் தந்த உடைமை அது. அதனை நாம் இன்று கைபேசிக்கு ஒப்படைத்துவிட்டோம்.

இனி, கதை குழந்தையின் உள்ளத்தில் என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம். மகிலாரோப்பியம் என்னும் நகரத்து அமரசக்தி என்னும் அரசன், கல்வியில் நாட்டமில்லாத தன் மைந்தர் மூவரை விஷ்ணுசர்மர் என்பாரிடம் ஒப்புவித்தானென்றும், அவர் ஆறு திங்களில் அவர்களைத் தேற்றுவதாக உறுதி கூறிக் கதைகளாலேயே பயிற்றினாரென்றும் பஞ்சதந்திரம் கூறும். தமிழில் தாண்டவராய முதலியார் 1826-ஆம் ஆண்டில் அதனை வசனமாக வெளியிட்டபின் நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதனைப் பயின்றனர். அதில் வரும் முயலை யாவரும் அறிவர். சிங்கத்திற்கு இரையாகும் முறை வந்தபோது அம்முயல் அஞ்சவில்லை என்று கதை கூறவில்லை. அது மெல்ல மெல்ல நடந்தது. வழியில் ஒரு கிணற்றைக் கண்டது. அதனுள் தன் நிழலைக் கண்டது. அப்பொழுதே உபாயந் தோன்றிற்று. இதனைக் கேட்கும் ஆறு வயதுச் சிறுவன் தன்னைச் சிங்கமாக எண்ணுவதில்லை. வீட்டிலும் தெருவிலும் எல்லாரினும் சிறியவன் தானேயாதலின் அவன் முயலாகவே இருந்து கேட்கின்றான். சிங்கம் கிணற்றுள் வீழ்ந்தபோது அவன் கைகொட்டுவது தன் வெற்றிக்காகவே.

இரண்டாந் தந்திரத்துப் புறாக்களின் கதை இதனினும் ஆழமானது என்பது எம் கருத்து. வலையிற் சிக்கிய புறாக்கள் தனித்தனியே சிறகடித்துத் துன்புறாது, தம் அரசனாகிய சித்திரக்கிரீவன் சொற்படி வலையோடு ஒருங்கெழுந்து பறந்தன. பறந்தால் மட்டும் வலை அறுமோ? அறாது. ஆகவே அவன் தன் நண்பனாகிய எலியிடஞ் சென்று உதவி வேண்டினான்; எலி அவன் கட்டை அறுக்க வந்தபோது, என்னைச் சூழ்ந்தோர் கட்டை முன்னர் அறுப்பாயாக என்றான். இடுக்கண் வந்துழிப் பிறரிடம் உதவி கேட்டல் இழிவன்று என்பதைக் குழந்தைக்கு உணர்த்த இதனினும் சிறந்த வழி எமக்குத் தெரியவில்லை. நம் வீடுகளில், சிறப்பாக ஆண்பிள்ளைகட்கு, இதனை ஒருவரும் கற்பிப்பதில்லை.

ஈண்டு எம் தொழிலினர்மீது ஒரு குறை கூறாது மேற்செல்ல இயலாது. கதை முடிந்த நொடியிலேயே, இதனால் அறியப்படும் நீதி யாது என்று வினவிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்துகின்றோம். இனிப்பை வாயிலிட்டவுடன் மருந்தென்று சொல்வதை யொக்கும் இது. கதை அன்றிரவு குழந்தையுடன் உறங்கட்டும். மறுநாள் அதுவே நம்மை வினவும். பூச்சாண்டி வருவான் என்று கூறிச் சோறூட்டுவோர்க்கும் ஒரு வார்த்தை: நம் வசதிக்காகக் குழந்தையின் உள்ளத்தில் அச்சத்தைக் குடியேற்றிவிட்டு, பின்னர் அவன் இருட்டில் கொல்லைப்புறம் செல்ல அஞ்சுகின்றான் என்று வருந்துதல் தகாது.

இதுகாறும் கூறியது புனைகதையைப்பற்றி. நம் சங்கத்தார் சிறப்பாகக் கருத வேண்டியது மற்றொரு வகை. அது குடும்பக் கதை.

அமெரிக்க நாட்டு எமரி பல்கலைக்கழகத்து உளநூலறிஞராகிய மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்னும் இருவரும் 2001-ஆம் ஆண்டில் சில குடும்பத்துப் பிள்ளைகளிடம் 20 வினாக்களை வினவினர். உன் பாட்டனார் எங்கு வளர்ந்தார், உன் பெற்றோர் எங்கே சந்தித்தனர், உன் குடும்பத்தில் நேர்ந்த பெருநோய் அல்லது பெருந்துன்பம் ஒன்றை அறிவாயா, நீ பிறந்த கதை தெரியுமா என்பன போன்றவை அவ்வினாக்கள். மிகுதியாக விடையறிந்த பிள்ளைகளே தம்மை மதித்தலிலும், தம் வாழ்வு தம் கையிலுள்ளது என்னும் துணிவிலும் மேம்பட்டிருக்கக் கண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க்கு நகரத்துப் பெருங்கேடு நிகழ்ந்தபின் மீண்டும் ஆராய்ந்தபோதும், குடும்பக் கதையை நன்கறிந்த பிள்ளைகளே அதனைத் தாங்கி நின்றனராம். இதனைக் கேட்டவுடன் 20 விடைகளையும் மனப்பாடம் செய்விக்க முற்படாதீர்கள். விடைகளுக்கு மந்திர ஆற்றல் இல்லை. அவ்விடைகள் பிள்ளைகட்குத் தெரியவந்த வழியே, அஃதாவது பெரியோர் உடனிருந்து உண்டும் பேசியும் கழித்த பொழுதுகளே, பயன் தந்தன என்று டியூக்கே விளக்கியிருக்கின்றார்.

குடும்பக் கதையை அவர்கள் மூவகைப்படுத்தினர். ஒன்றுமில்லாதிருந்து உயர்ந்தோம் என்பது ஒன்று. எல்லாம் பெற்றிருந்து இழந்தோம் என்பது ஒன்று. உயர்ந்தோம், தாழ்ந்தோம், மீண்டும் எழுந்தோம், எந்நிலையிலும் ஒருவரையொருவர் விடவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவதே பிள்ளைகட்கு மிக்க உறுதி தருவது என்றனர்.

இப்பொழுது நம் மாத இதழின் பழைய தொகுதிகளை எடுத்துப் பாருங்கள். பட்டம் பெற்றோர், பதவி பெற்றோர், பொன்விழாக் கண்டோர் ஆகியோர் படங்களே பக்கந்தோறும் காணப்படும். தோற்றவர் ஒருவரையும் காணோம். இவ்விதழைப் படித்து வளரும் பிள்ளை தேர்வில் ஒருமுறை தவறினால் என்ன நினைப்பான்? இத்தனை பெரியோர் பிறந்த குலத்தில் தோற்றவன் நான் ஒருவனே என்றன்றோ நினைப்பான்? நம்மவர் பிறரினும் உயர்ந்தோர் என்று கூறுங் கதையும் பிள்ளைக்குத் துணிவு தாராது. அது நிற்பதற்கு எப்பொழுதும் கீழே ஒருவன் தேவைப்படும். அவன் ஒருநாள் எழுந்து நடந்தால், அதன்மேல் நின்றவன் கதி யாதாம்?

எம் வகுப்பில் ஒரு மாணவன் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிப் பள்ளிக்கு வாராது மறைந்திருந்தான். நம் வீட்டில் இப்படி ஒருவரும் தோற்றதில்லை என்று தந்தையார் சினந்தனராம். அப்பொழுது அவன் பாட்டியார், இருந்தவர்களை நான் அறிவேன் என்று கூறிப் பேரனை அருகே அமர்த்திக்கொண்டார். 1942-இல் சப்பானியர் படையெடுப்பிற்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாக மணிப்பூரை யடைந்தவர் அவன் பாட்டனாரின் தந்தையார். போர் முடிந்தபின் மீண்டும் இரங்கூன் சென்று கடை வைத்தனர். 1964-இல் அந்நாட்டு அரசு கடைகளை அரசுடைமையாக்கவே, பாட்டனார் ஒரு தகரப்பெட்டியுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். துணிமூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்றார். முதலாண்டில் அதிலும் நட்டமே. "தாத்தா அழுதாரா?" என்று பேரன் கேட்டானாம். "அழுதார். மறுநாள் மூட்டையைத் தூக்கினார்" என்றாராம் பாட்டியார். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தான். பின்னர் அவன் கணக்கிற் புலியாகிவிட்டான் என்று யாம் கூறோம், நடுத்தரமாகவே தேறினான். ஆயின் ஒளிந்துகொள்ளவில்லை.

துன்பக் கதை பிள்ளைகளை வாட்டாதோ என்பீராயின், வயதறிந்து கூறுக. பகையை மட்டும் விலக்குக. பங்காளி வழக்கையும் வரப்புத் தகராற்றையும் இரவுதோறும் ஓதும் வீடுகளை அறிவோம். அவை கதையல்ல, கடன். பிள்ளையின் தலையில் ஏற்றப்படுவது.

நம் சங்கம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இதழில் மாதந்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்கி, வீட்டுப் பெரியோரிடம் கேட்ட கதையைப் பிள்ளைகளே எழுதுமாறு செய்யலாம். இழந்ததும் எழுந்ததும் அதில் இடம்பெறவேண்டும். திருத்தித் தரும் பணியை யாம் ஏற்றுக்கொள்வோம். பாட்டியார் ஊரிலும் பிள்ளைகள் நகரத்திலும் இருக்க எவ்வாறு கேட்பது என்று காரியதரிசியவர்கள் முன்னரே எம்மை வினவினர். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பேத்தி பாட்டியாரைக் கைபேசியில் அழைக்கின்றாள். நேற்று எங்கே விட்டேன் என்று பாட்டியார் கேட்க, விட்ட இடத்தைப் பேத்தியே எடுத்துக்கொடுக்கின்றாள்.