கேட்ட கேள்விக்கு நேரான பதில்

திருகோணமலையின் சீனன்குடாவில் வெளிநாட்டு வேலை விசாவுக்குப் படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியில் கை தயங்கும்: "நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?"

யுத்த காலத்தில் திருகோணமலையில் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, விசாரித்து விடப்பட்டவர்கள் எத்தனையோ பேர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே இருந்து, வழக்கே இல்லாமல் வெளியே வந்தவர்களும் உண்டு. "வழக்கில்லைத்தானே, 'இல்லை' எண்டு போடுங்கோ தம்பி" என்பார் ஏஜென்சிக்காரர். ஆபத்து அங்கேதான்.

கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, தண்டனை வேறு. சில படிவங்கள் தண்டனையை மட்டும் கேட்கும். கனடாவின் படிவமோ மூன்றையும் கேட்கும். பொலிஸ் நற்சான்றிதழ் சுத்தமாக வந்தாலும், கைதைக் கேட்டால் கைதைச் சொல்லத்தான் வேண்டும்.

பழைய கைதைச் சொன்னதற்காக மட்டும் விசா தானாக மறுக்கப்படுவதில்லை. பொய் சொன்னது பிடிபட்டால் கனடாவில் 5 ஆண்டுத் தடை. அவுஸ்திரேலியாவில் 3 ஆண்டு, பிரித்தானியாவில் 10 ஆண்டு வரை கதவு மூடப்படலாம்.

எப்போது, எங்கே, ஏன் பிடித்தார்கள், எப்படி விட்டார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நீதிமன்றக் கட்டளையின் பிரதியோ, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தந்த தடுப்புச் சான்றிதழோ இருந்தால், மொழிபெயர்ப்போடு இணையுங்கள்.

படிவத்தை யார் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையதே. அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே வாசியுங்கள்.